ஈரத்தாளில் முளைத்தவை

முளைப்பு அறைக்குள் புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஈரத்தாள், வேர், பூசணம் எல்லாம் கலந்த வாடை அது. உள்ளேயே கிடக்கிறவனுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் வாசலைத் தாண்டும்போது மனைவி சொல்லித்தான் தெரியும்.

விதைக் கம்பெனியில் அவனை ஈரக்கை என்பார்கள். பெயர் வைத்தவன் உலர்த்தும் யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அடுப்பு. "இவன்கிட்ட கை குடுத்தா அப்புறம் நாம துவட்டிக்கணும்டா" என்று ஒருநாள் சொன்னான். அதோடு ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு ஈரக்கைதான் அவனுக்கு அடுப்பு என்று வைத்தான். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் இருவருக்கும் வேறு பெயர் கிடையாது.

வேலை கஷ்டமில்லை. தடித்த தாளை நனைத்து மேசையில் விரிக்க வேண்டும். மக்காச்சோள விதைகளை வரிசையாக அடுக்க வேண்டும். மேலே இன்னொரு ஈரத்தாளை மூடி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, தட்டில் நிறுத்த வேண்டும். சாய்ந்துவிடக் கூடாது. வேர் கீழே போகவும் குருத்து மேலே வரவும் சுருள் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பிரித்து எண்ணுவான். நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்தால் அந்த விதைத் தொகுப்பு, லாட் என்பார்கள், மூட்டையேறி விதைக்கடைக்குப் போகும். குறைந்தால் மாட்டுத் தீவனத்துக்கு.

அன்று காலை அவன் பிரித்த சுருளில் பாதிகூட வரவில்லை. வராத விதைகள் உப்பி, மேலே சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தன. நகத்தால் ஒன்றைக் கீறினான். உள்ளே மாவு கொழகொழத்தது.

அடுப்பு டீ டம்ளருடன் வந்து எட்டிப் பார்த்தான்.

"மறுபடியும் அதையா போட்ட?"

"சந்தேகமா இருந்துச்சு."

"தீந்துச்சா?"

ஈரக்கை தாளைத் திருப்பிக் காட்டினான்.

"எம் மூஞ்சிக்கு நேரா காட்டாதடா. லாரி நிக்குது, சூட்டக் கூட்டுன்னாங்க. கூட்டினேன். எனக்கு என்ன வேண்டுதலா, விதைய வேகவெக்கணும்னு?"

"உன்னச் சொல்லல."

"சொன்னா என்ன. மறுசோதனைக்கு வேற மூட்டைலருந்து அள்ளிக் குடுத்தது நான். அதச் சுருட்டி, எண்ணி, கையெழுத்துப் போட்டது நீ. ஒரே பாய்லதான் படுத்திருக்கோம்."

மறுசோதனை என்பது அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம். முதல் தடவை தேறாத லாட்டுக்கு இரண்டாம் தடவை வைப்பார்கள். விதையைத் தேறுகிற மூட்டையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் குறைவதை நிரவத்தான் அந்தப் பழக்கம் வந்தது. மூன்று நாலு விதை குறைந்தால் யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை குறைந்தது மூன்று நாலு இல்லை.

"என் மச்சான் இதுல வாங்கியிருக்கார்" என்றான் ஈரக்கை.

அடுப்பு டம்ளரை மேசையில் வைத்தான்.

"எவ்ளோ நெலத்துக்கு?"

"முழுசுக்கும்."

மைக்கில் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள். பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. ஈரக்கை சுருளை மூடி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்தும் ஈரமாகத்தான் இருந்தது.

நெறிமுறைப் பயிற்சிக்காக மூட்டைக் கிடங்கைக் காலி செய்து நாற்காலி போட்டிருந்தார்கள். தரையில் மூட்டை நின்ற தடங்கள் தெரிந்தன. ‘நேர்மையே நம் முதல் விதை’ என்று சுவரை அடைத்து ஒரு பேனர். அதன் கீழே ஒரு தொலைபேசி எண். பயிற்சி கொடுக்க வந்த மேடத்துக்குக் குரல் மெல்லியது. எல்லாரையும் ‘நண்பர்களே’ என்றார். தராசுக்காரர், லாரி ஓட்டுகிறவர், மூட்டை தைக்கிற பெண்கள், எல்லாருடைய கண்ணையும் பார்த்துப் பேசினார். சும்மா வந்து ஒப்பித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை.

"தப்பு செய்யறது மட்டும் தப்பில்ல நண்பர்களே. பாத்துட்டு வாய மூடிட்டு இருக்கறதும் தப்புதான். நீங்க கட்டற ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கு."

மூட்டை தைக்கிற பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "இந்தப் பக்கமும் ஒரு குடும்பம் இருக்குன்னு யாராச்சும் அந்தம்மாகிட்ட சொல்லுங்கடி" என்றாள். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மதியம் நாடகம். குழுக் குழுவாகப் பிரித்து, வேலையிடத்தில் ஒரு தவறைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று நடித்துக் காட்டச் சொன்னார் மேடம். ஈரக்கையின் குழுவில் அடுப்புதான் மேனேஜர். ஈரக்கை உண்மையைச் சொல்கிற தொழிலாளி. தராசில் எடை குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். ‘சார், எடை குறையுது சார். இது நியாயமில்ல சார்.’ அவ்வளவுதான் வசனம். ஈரக்கை அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

மேடையில் அடுப்பு நாற்காலியைச் சாய்த்து, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பின்வரிசையில் சிரிப்பு. முன்வரிசையில் நிஜ மேனேஜரும் சிரித்தார்.

"என்னய்யா வேணும்?" என்றான் அடுப்பு.

ஈரக்கைக்கு எடை வசனம் வாயில் வரவில்லை. அவன் பொய்யே அறியாதவன் இல்லை. கையெழுத்துப் போட்டவன்தான். ஆனால் காகிதத்தில் போடுவது வேறு. நாலு பேர் முன்னால் நின்று இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்ல அவனுக்கு வரவில்லை. வாயில் இருந்ததுதான் வந்தது.

"சார், அந்த லாட் செத்துப்போச்சு சார்."

அடுப்பின் கால் நின்றது.

"சூட்டுல வெந்துபோச்சு. பாக்க அழகா இருக்கு. மண்ணுல போட்டா வராது. மறுசோதனைல வெச்சது அந்த விதை இல்ல. கடைக்குப் போயிடுச்சு சார். திரும்ப எடுக்கச் சொல்லுங்க. வாங்கினவன் மூட்டைய வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு வானத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பான் சார்."

லாட் எண்ணையும் சொன்னான்.

அடுப்புக்கு வசனம் தெரியவில்லை. திறந்த வாயோடு முன்வரிசையைப் பார்த்தான். மேனேஜர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். அவர் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சிறந்த நடிப்புக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அதிலும் பேனரிலிருந்த அந்த வாசகம் இருந்தது.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். மெஷின் நின்றது.

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லார் முன்னாலயும். மேனேஜர் நேரா உக்காந்திருந்தார்."

"திட்டலயா?"

"கை தட்டினார்."

அவள் பாட்டிலை வாங்கித் திருகிப் பார்த்தாள். "அப்ப திரும்ப எடுத்துருவாங்களா?"

"இவ்ளோ பேர் முன்னால லாட் நம்பரோட சொல்லியாச்சு. எடுக்காம?"

"எதுக்கும் அண்ணன் காதுல ஒரு வார்த்த போட்டுருங்களேன்."

"கம்பெனி லாரியே வந்து எடுத்துட்டு மாத்திக் குடுக்கப் போகுது. நாம எதுக்கு முந்திக்கணும்? உங்கண்ணன் வாய் சும்மா இருக்குமா? வாங்கினவனெல்லாம் கடைல போய் நிப்பான். அப்புறம் யார் சொன்னதுன்னு வரும்."

"யார் சொன்னதுன்னுதான் இன்னிக்கே தெரிஞ்சுபோச்சே."

"அது வேற. இது வேற."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பருப்பும் சோறும் சூடாக இருந்தன. ஈரக்கை அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

லாரி போகவில்லை. தினமும் காலையில் அவன் கிடங்குப் பக்கம் போய்ப் பார்த்தான். திரும்பி வந்த மூட்டை ஒன்றும் இல்லை. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நிற்க வேண்டாம், உட்காருங்கள் என்றார். டீ சொன்னார்.

"பிரமாதம்யா. தலைமை ஆபீஸ்ல எல்லாம் உங்களப் பத்திதான் பேச்சு. மேடம் எல்லாக் கிளைக்கும் உங்களக் கூட்டிட்டுப் போகணுங்கறாங்க. அடுப்பையும் சேத்துத்தான். போக வர கார். சாப்பாடு அவங்க செலவு."

"சார், அது வந்து... நடிப்பில்ல சார்."

"அதத்தான்யா நானும் சொல்றேன். நடிப்பாவே இல்ல. அவ்ளோ இயல்பு."

"அந்த லாட்ட எப்ப சார் திரும்ப எடுப்பாங்க?"

மேனேஜர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். "டீ ஆறுது பாருங்க" என்றார்.

முதல் கிளைக்குப் போகும்போது காரில் மேடத்திடம் கேட்டான். அடுப்பு முன்சீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.

"மேடம், நான் சொன்னது நெஜம்."

மேடம் திரும்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "நெஜமாவா? அந்த லாட் நம்பரா?"

"ஆமா மேடம்."

கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "நான் பயிற்சி குடுக்கறவ மட்டும்தாங்க. வெளிய இருந்து வரேன். எனக்கு எதையும் நிறுத்தற அதிகாரம் கெடையாது. ஆனா பேனர்ல ஒரு நம்பர் இருக்கே, அதுக்குத்தான் அத வெச்சிருக்கோம். பேர்கூட சொல்ல வேணாம். பண்ணுவீங்கல்ல? எனக்கு சத்தியம் பண்ணுங்க."

ஈரக்கை அன்று சாயங்காலமே பண்ணினான். உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொன்னது. சங்கீதம் கேட்டது. பிறகு ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"சார், நீங்க சொன்ன விஷயம் ஏற்கெனவே பயிற்சில எடுத்துப் பேசி முடிச்சதா பதிவாயிருக்கு. அதனால இத முடிச்சிடறோம்."

"அது பேசினதும் நான்தாங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். நன்றி."

மழை அதற்கு மறுநாள் பெய்தது. பொழுது விடிந்ததும் பிடித்து மதியம்வரை நிற்காமல் அடித்தது. ஊரெல்லாம் முகம் மலர்ந்துவிட்டது. டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டார்கள். ஈரக்கை விடுப்பு சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

மச்சான் நிலத்தில் இருந்தார். சால் ஓட்டி முடித்திருந்தது. ஈரமண் கறுப்பாகப் பளபளத்தது. அவர் குச்சியால் குழி போட்டுக்கொண்டே போக, அவர் மனைவி பின்னால் மடியிலிருந்து விதையை எடுத்துப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மருந்து பூசிய விதை ரோஜா நிறத்தில் இருந்தது.

"வா மாப்ள. மழையோடயே வர்றியே. சேறாக்கிக்காத, வரப்பு மேலயே நில்லு."

"மச்சான், அத போடாதீங்க."

"எத?"

"விதைய. அது முளைக்காது."

மச்சான் நிமிர்ந்தார். மனைவியின் மடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இதயா சொல்ற? முத்து மாதிரி இருக்கே."

"உள்ள உசிர் இல்ல. வெந்த விதை. பாதிக்கும் கம்மியாத்தான் வரும்."

"மூட்டைல தொண்ணூத்தி ரெண்டுன்னு போட்டிருக்கு."

"அது வேற விதையச் சுருட்டி எண்ணினது."

"யார் எண்ணினது?"

ஈரக்கை வாய் திறக்கவில்லை. மச்சானும் மறுபடி கேட்கவில்லை. குச்சியை மண்ணில் குத்தி நிறுத்தினார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"கடைக்குப் போகறதுக்கு முன்னாடி."

"நான் மூட்டைய வண்டில ஏத்தறப்ப எதிர்க்கடைல நின்னு டீ குடிச்சிட்டிருந்தியே மாப்ள. எனக்கும் ஒண்ணு சொன்னியே."

"திரும்ப எடுத்துருவாங்கன்னு இருந்தேன் மச்சான். எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன்."

"எங்க?"

"பயிற்சில. நாடகத்துல."

"நாடகத்துல." மச்சான் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? நாடகத்துல சொன்னாராம். நாடகத்துல ஒருத்தன் செத்தா யாராச்சும் அவன் வீட்டுக்குத் துக்கம் கேக்க வருவாங்களா மாப்ள?"

"வேற விதை வாங்கலாம் மச்சான். இப்பவே போவோம். நானும் வரேன்."

"நேத்து உரத்துக்குப் போனேன். மழை வர்ற மாதிரி இருக்குன்னு விதையெல்லாம் வாரிட்டுப் போயிட்டாங்க. அலமாரி மொட்டையா நிக்குது. அடுத்த லோடு வர்றதுக்குள்ள இந்த ஈரம் காஞ்சுரும். அப்புறம் உன் கைய வெச்சா நெலத்த நனைக்கறது?"

ஈரக்கை தன் கையைப் பார்த்துக்கொண்டான். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்த இடம் வேர்த்திருந்தது.

மச்சான் மனைவி மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "குழிக்கு ரெண்டா போடுவோம்" என்றாள்.

"ரெண்டும் செத்ததா இருந்தா?"

"எல்லாக் குழிலயுமா அப்படி இருக்கும்?"

"ரெண்டு ரெண்டா போட்டா மேல்பக்கம் தரிசாத்தான் கெடக்கும்."

"கெடக்கட்டும். நின்னு பேசினா ஈரம் நிக்குமா?" அவள் குனிந்தாள். பிறகு, நிமிராமலே, "தம்பி, வந்தது வந்தீங்க. செருப்பக் கழட்டிட்டு ஒரு வரிசை பிடிங்க" என்றாள்.

அவன் பிடித்தான். குழிக்கு இரண்டாகப் போட்டு மூடிக்கொண்டே போனான். எது செத்தது எது இருப்பது என்று மேலே பார்த்தால் அவனுக்கும் தெரியாது. தாளில் சுருட்டி ஒரு வாரம் வைத்தால்தான் தெரியும். சாயங்காலம் வாய்க்காலில் கழுவினபோது ரோஜாச் சாயம் போகவில்லை. மற்றவர்கள் கையில் அவ்வளவு ஒட்டவில்லை. ஈரக் கையில்தான் பிடித்துக்கொண்டது.

அந்த வாரம் மேலும் இரண்டு கிளைகளில் நாடகம் நடந்தது. மேடம் முடிவைக் கொஞ்சம் திருத்தியிருந்தார். ‘பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணுங்க’ என்றார். இப்போது ஈரக்கை உண்மையைச் சொன்னதும் மேனேஜராக இருக்கும் அடுப்பு நாற்காலியிலிருந்து எழுந்து, ‘உடனே லாரியை அனுப்பு!’ என்பான். மூட்டைகள் திரும்பி வரும். விவசாயி வேஷம் போட்டவர் ஓடிவந்து ஈரக்கையின் கையைப் பிடித்துக்கொள்வார். அந்த ஊர்க் கிளையில் யாராவது ஒருவரை விவசாயியாக நிறுத்துவார்கள். பிடித்தவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். அதற்கும் சிரிப்பார்கள்.

அவற்றில் இரண்டாவதில், கடையில் விதை விற்கும் ஒருவர் எழுந்தார். "மேடம், ஒரு கேள்வி. லாரி போறதுக்குள்ள அந்த விவசாயி போட்டிருந்தா?"

"ரொம்ப நல்ல கேள்வி. அதனாலதான் உடனே சொல்லணுங்கறோம்" என்றார் மேடம். எல்லாரும் கைதட்டினார்கள். சொல்லும்போது மேடம் ஈரக்கை பக்கம் பார்க்கவில்லை.

திரும்பும்போது அடுப்பு சொன்னான்: "ஒண்ணு சொல்லட்டுமாடா? லாரிய அனுப்புன்னு கத்தறப்ப எனக்கே புல்லரிக்குது. நெஜமாவே அனுப்பிட்ட மாதிரி இருக்கு."

"எனக்கு இல்ல" என்றான் ஈரக்கை.

மச்சானிடமிருந்து பேச்சே இல்லை. மனைவிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் மெஷினில் உட்கார்ந்தாள். துணியை வைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"தையல் விட்ட துணி மாதிரி இருக்கு. இங்க நாலு, அங்க ரெண்டு. சில குழில ரெண்டும் வந்திருக்கு. மத்ததெல்லாம் ஓட்ட. அண்ணி காலைலருந்து தோண்டித் தோண்டிப் பாத்துக்கிட்டிருக்காங்க."

"அண்ணன் ஏதாச்சும் சொன்னாரா?"

"சாப்பிட்டியான்னு கேட்டாரு."

சற்று நேரம் கழித்து அவளே, "ஏங்க, எண்ணி முடிச்சதும் அதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"எத?"

"தாள்ல முளைச்சத."

"குப்பைல கொட்டுவோம்."

"இப்ப அறைல இருக்கறது நல்ல விதையா?"

"நல்ல லாட்தான். எல்லாம் முளைச்சிருக்கு."

அவள் எழுந்து போய், அவன் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய பையாகப் பார்த்துக் கழுவிக் கொண்டுவந்தாள். கைப்பிடிக்கு இரட்டைத் தையல் போட்டு ஆணியில் மாட்டினாள்.

சுருள்கள் பைக்குள் நிமிர்ந்து நிற்கும்படி அடுக்கினான். மேலே டிபன் டப்பா. வாசலில் காவலாளி, "என்ன, இன்னிக்கு சாப்பாடு பலமா?" என்றார். ஈரக்கை சிரித்துவைத்தான்.

வெயில் தாழ்ந்தபிறகு நாலு பேரும் நட்டார்கள். மச்சான் குழி போட்டார். மனைவிமார் இருவரும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஈரக்கை தாளைப் பிரித்து, வேர் அறாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். விரல் நீளம் இருந்தன. மச்சான் மனைவி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன இது, இவ்ளோ வெளுப்பா இருக்கு? வெயிலே பாக்காததா?"

"அறைக்குள்ளயே வளந்ததுக்கா."

"தாங்குமா தம்பி?"

"தெரியல."

அறையில் இருந்தவரை ஒரு குருத்தும் தலை சாய்ந்து அவன் பார்த்ததில்லை. அங்கே காற்று கிடையாது. வெயில் கிடையாது. எண்ணுகிற நாள்வரை நிமிர்ந்து நின்றால் போதும். அதற்குப் பிறகு அவற்றுக்கு ஒரு நாள் உண்டு என்று யாரும் நினைத்து வளர்ப்பதில்லை. இதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தூக்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் படுத்துவிட்டன. மச்சான் காலி விதைமூட்டைகளைக் கிழித்து, குச்சி நட்டு நிழல் கட்டியிருந்தார். பேனர் வாசகம் மூட்டையிலும் உண்டு; முதல் விதை, முதல் விதை என்று வரிசையாக எழுத்துகள் காற்றில் ஆடின. கீழே ஈரமண்ணில் குருத்துகள் வெள்ளை நூல்போல் ஒட்டிக் கிடந்தன. ஈரக்கை இன்னொரு தட்டுச் சுருள்களைக் கொண்டுவந்திருந்தான். அவற்றையும் நட்டார்கள். அவையும் படுத்தன.

மூன்றாம் நாள் மச்சான் குழி போட வரவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"போதும் மாப்ள. இனிமே கொண்டுவராத."

"நாளைக்கு இன்னும் நல்லதா ஒரு தட்டு பிரிப்பேன் மச்சான். கொஞ்சம் வெயில்ல வெச்சுப் பழக்கி..."

"வேணாம். மொதல்ல போட்டது ஒரேயடியா போச்சு. இது தெனமும் போகுது. உங்கக்காவால பாக்க முடியல."

"நீங்க கோவமா இருக்கீங்க."

"கோவப்பட்டா நீ என்ன பண்ணுவ? இன்னொரு நாடகம் போடுவ." சொல்லிவிட்டு அவருக்கே கஷ்டமாகிவிட்டது. அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "போ. வீட்டுக்குப் போ. புள்ள தனியா இருக்கும்." புள்ள என்றது தன் தங்கையை.

அவன் மறுநாளும் கொண்டுபோனான். கை பழகிவிட்டது. காவலாளி அன்று பையைத் திறக்கச் சொன்னார். "தப்பா நெனக்காதீங்க. கம்பெனிச் சாமான் வெளிய போகுதுன்னு பேனர் நம்பருக்கு யாரோ போன் பண்ணியிருக்காங்களாம். மேல இருந்து சொல்லிட்டாங்க" என்றார். சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அவற்றை எப்படி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. படுக்கப் போட்டார்.

மேனேஜர் அறையில் இந்த முறை டீ இல்லை. ஆனால் உட்காரச் சொன்னார்.

"என்னய்யா இது?"

"குப்பை சார்."

"கம்பெனிக் குப்பை. வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு தெரியும்ல? நீங்களே ஊர் ஊரா போய் நேர்மையப் பத்தி நடிக்கிறீங்க. எதுக்கு எடுத்தீங்க?"

"மச்சான் நெலத்துல நட."

"ஏன், அவர் நெலத்துக்கு என்ன?"

ஈரக்கை அவரைப் பார்த்தான். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

"ரூல்படி பாத்தா உங்கள இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும்" என்றார். "அனுப்ப மனசில்ல. மேடத்துக்கிட்ட பேசினேன். அவங்க ரொம்ப வருத்தப்பட்டாங்க. தப்பு பண்ணினவரே முன்னால வந்து ஒத்துக்கிட்டா, அதவிடப் பெரிய பாடம் கெடையாதுன்னாங்க. ரெண்டாவதா ஒரு காட்சி சேத்துருவோம். சின்னப் பொருளா இருந்தாலும் எடுக்கக் கூடாது, அதான் விஷயம். நீங்க நீங்களாவே வாங்க. அடுப்பு வாட்ச்மேன்."

"எதுக்கு எடுத்தேன்னு சொல்லலாமா சார்?"

"அது நாடகத்துல வேணாம்."

அன்று மனைவியிடம் சொன்னான். அவள் வேலை போகுமா என்று கேட்டாள். போகாது என்றான். "அப்ப செய்ங்க" என்றாள். ஆணியிலிருந்த பையை எடுத்து உள்ளே வைத்தாள்.

அடுத்த கிளையில் கூட்டம் அதிகம். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். முதல் காட்சியில் லாரி போயிற்று, மூட்டைகள் வந்தன, விவசாயி கையைப் பிடித்தார். கைதட்டினார்கள். இரண்டாம் காட்சிக்கு மேடம் நிஜச் சுருள்களே இருக்கட்டும் என்றிருந்தார். அறையிலிருந்து அடுப்பே எடுத்துவந்தான். அதற்கு அனுமதி உண்டு.

ஈரக்கை பையோடு நடந்து வந்தான். அடுப்பு மறித்தான். "நில்லுய்யா. பையில என்ன?"

"சாப்பாடு."

"சாப்பாடா? பாத்தா படுக்கைய சுருட்டிட்டுப் போற மாதிரி இருக்கே!"

கிடங்கே அதிர்ந்தது. அடுப்பு ஒரு சுருளை எடுத்துப் பிரித்தான். எல்லாம் முளைத்திருந்தன. குருத்துகள் ஒரே உயரத்தில் நிமிர்ந்து நின்றன. முன்வரிசையில் ஒரு பெண், "அட, எவ்ளோ அழகா இருக்கு" என்றாள்.

"இது யாருதுய்யா?"

"கம்பெனியோடது."

"கேட்டு எடுத்தியா?"

"இல்ல. தப்பு பண்ணிட்டேன் சார்."

அவ்வளவுதான் வசனம். இதில் அவன் எங்கும் தடுமாறவில்லை. முதல் காட்சியில் திருத்தியதுபோல இதில் மேடம் எதையும் திருத்தவில்லை. திருத்தத் தேவையே இல்லை என்றார்.

முடிந்ததும் கூட்டம் டீக்குக் கலைந்தது. மேடைக்குப் பின்னால் அடுப்பு சுருள்களை வாரிக்கொண்டு வந்தான். சுற்றும்முற்றும் பார்த்தான்.

"பையில போட்டுக்கோடா. நாடகச் சாமான்தானே, இன்னிக்கு எவன் கேப்பான்?"

"கொண்டுபோய்?"

அடுப்பு யோசித்தான். சுருள்களை ஓரத்திலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "வா, டீ ஆறிடும்" என்று போனான்.

ஈரக்கை தொட்டிக்குள் குனிந்தான். சாய்ந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வேர் கீழே போகும்படி, ஒன்றோடொன்று ஒட்டி நிமிர்த்தி வைத்தான்.